என்.எஃப்.சி ஆன்டெனா: அது ஒண்ணும் மாந்திரீகம் இல்லீங்க

மக்களே, ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த புலம்பல் இது. சால்டரிங் அயர்ன் பிடிக்கிற நம்மாளுங்க பலரும் ஒரே பாட்டு தான் பாடறாங்க: "ஆர்.எஃப்-ன்னாலே மாந்திரீகம் சார், எவனோ போட்ட காயிலை அப்படியே காப்பி அடிச்சிடணும்." வைஃபை, ப்ளூடூத்துக்கு இது ஓரளவு நியாயம். என்.எஃப்.சிக்கு சுத்த சோம்பேறித்தனம்.

என்.எஃப்.சி ஓடறது 13.56 மெகாஹெர்ட்ஸ்ல. அலைநீளம் சுமார் 22 மீட்டர். தீப்பெட்டி சைஸ் போர்டை வச்சுக்கிட்டு 22 மீட்டர் அலையை எங்கேர்ந்து வீசறது? வீசறதே இல்லை. ஆன்டெனான்னு பேரு தான், உண்மையில அது பாதி டிரான்ஸ்ஃபார்மர். மீதி பாதி உங்க செல்போன்ல இருக்கு. ரெண்டும் காந்தப்புலம் வழியா பேசிக்குது. நாம படிச்ச ப்ளஸ் டூ இயற்பியல் தான்: ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒத்ததிர்வு. அம்புட்டுதேன்.

காப்பி அடிச்சா என்ன ஆகும்? என்டேக் 213 சிப்புக்குள்ளயே 50 பிக்கோஃபாரட் மின்தேக்கி இருக்கு. அதுக்கு சுமார் 2.75 மைக்ரோஹென்றி காயில் வேணும். எஸ்டி25டிவி சிப்புல இருக்கறது 28.5 பிக்கோஃபாரட், அதுக்கு 4.8 வேணும். முதல் சிப்போட காயிலை ரெண்டாவதுக்கு மாட்டினா ஒத்ததிர்வு 18 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் உக்காந்துக்கும். போனை ஒட்டி வச்சாலும் படிக்காது, இல்லைன்னா படிச்சும் படிக்காம உசிரை வாங்கும்.

இதைவிடப் பெரிய வில்லன் கிரவுண்ட் காப்பர். எனக்குத் தெரிஞ்ச காலேஜ் பசங்க ரெண்டு பேர், ப்ராஜெக்ட் போர்டு வேலை செய்யலைன்னு சிப்பை ரெண்டு தடவை மாத்திட்டாங்க. சிப் பாவம் என்ன பண்ணும்? சாஃப்ட்வேர்ல ஒரு க்ளிக்குல கீழ் லேயர் பூரா கிரவுண்ட் ரொப்பியிருந்தாங்க, காயிலுக்கு நேர் கீழயும். காந்தப்புலம் மாறும்போது அந்தத் தகட்டுல சுழல் மின்னோட்டம் கிளம்பும், வந்த புலத்தையே எதிர்க்கும். லென்ஸ் விதி, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது தான். மின்தூண்டல் 20 சதவீதம் குறைஞ்சாலே ஒத்ததிர்வு 15 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிடும். சரி, மின்தேக்கி போட்டு இழுத்துடலாம்னா, இழுத்தாலும் காயில் வழியா போக வேண்டிய புலம் அங்க இல்லையே. புது போர்டு தான். செமஸ்டர் முடிய மூணு வாரம் இருக்கறப்ப இது சின்ன விஷயமா?

காயிலைச் சுத்தி முழு வளையமா கிரவுண்ட் ஓட்டறதும் இதே கேடு தான், ஷார்ட் ஆன ஒரு சுற்று மாதிரி. வளையம் வேணும்னா ஒரு இடத்துல வெட்டி விடுங்க. பேட்டரியோ உலோகமோ பின்னாடி வந்தே தீரும்னா நடுவுல ஃபெரைட் ஷீட். ஷீட் ஒட்டினா மின்தூண்டல் ஏறும், அதனால அதை ஒட்டின பிறகு அளக்கணும்.

இன்னொரு பேராசை, காயிலை நடு மையம் வரை சுத்தறது. உள் சுற்றுகளுக்குப் பரப்பு கம்மி, பலன் கொஞ்சம், ரெசிஸ்டன்ஸ் தான் மிச்சம். நடுவை காலியா விடுங்க சாமி. செம்பை தடிமனா கேக்கறதும் வீண். இந்த அதிர்வெண்ல மின்னோட்டம் மேல்பரப்புல 18 மைக்ரான் ஆழத்துக்குள்ள தான் பெரும்பாலும் ஓடும். சாதாரண 35 மைக்ரானே தாராளம்.

என் கட்சி இது தான்: காயிலை வேணும்னே கொஞ்சம் குறைச்சலா, 2.5 மைக்ரோஹென்றி மாதிரி போடுங்க. சிப்புக்குப் பக்கத்துல ஒரு மின்தேக்கிக்கு காலி பேட் விடுங்க. சிப்புக்குள்ள இருக்கற பிக்கோஃபாரடை கூட்டலாம், கழிக்க முடியாது. நானோ வி.என்.ஏ-வுல ஒத்தைச் சுற்று கம்பி மாட்டி காயில் கிட்ட கொண்டு போனா குழி எங்க விழுதுன்னு தெரிஞ்சிடும். 5 பிக்கோஃபாரடுக்குள்ள வேலை முடியும். சி0ஜி வகையா வாங்குங்க.

டிஸ்கி: இதெல்லாம் டேக் பக்கத்துக் கதை. ரீடர் பக்கம் மேட்சிங் நெட்வொர்க்னு தனி ராமாயணம் இருக்கு, க்யூ ரொம்ப ஏறினா 847.5 கிலோஹெர்ட்ஸ் துணை அலை அடிபடும். அது அடுத்த பதிவுல.