இணைநோக்குப் படங்களின் பயன்

ஹப்பிள் விண்தொலைநோக்கியின் கருவிகள் யாவும் ஒரே புள்ளியை நோக்குவன அல்ல. நிறமாலைக் கருவி ஒரு குவாசாரை மணிக்கணக்கில் உற்றுநோக்குகையில், அதன் காமிரா அருகிலுள்ள வேறொரு சிறு வானப்பகுதியைக் காண்கின்றது. அவ்வேளையில் காமிராவையும் இயக்கிப் பெறுவனவே இணைநோக்குப் படங்கள்.

இவற்றை மிச்சப்பொருள் என்று ஒதுக்குவோர் உளர். குறைகள் உண்டுதான். திசையும் காலமும் பிறர் வகுத்தவை. முதன்மை நோக்கின்போது தொலைநோக்கியை அசைக்கலாகாதாகையால், பழுதுற்ற படப்புள்ளிகளை நீக்குவதும் பெரும்பாடு. ஆயினும், எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்காத இடங்கள் என்பதே இவற்றின் தனிச் சிறப்பு என்பேன். ஒரே மழைமானியைக் கொண்டு மாவட்டம் முழுவதன் மழையைக் கணிக்கலாகாது என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர். அவ்வாறே, ஒரு பகுதியில் நட்சத்திர மண்டலங்கள் தற்செயலாகத் திரண்டிருப்பின் கணக்குப் பிழைபடும். சிதறிய பல பகுதிகளில் அப்பிழை தணியும். மங்கலான மண்டலங்களுள் ஒழுங்கற்ற வடிவினவை எதிர்பார்த்ததினும் மிகுதி என்று 1990-களில் 'மீடியம் டீப் சர்வே' காட்டியது இத்தகைய படங்களைக் கொண்டே.

சென்ற காலத்தை எத்தொலைநோக்கியாலும் மீட்க இயலாது. ஆதலின், காமிராவை வாளா இருக்கவிடுதல் வீண்செலவேயாகும். எடுத்த படங்களைப் பாராது விடுதலும் அத்தகையதே. அவை பால்டிமோரிலுள்ள விண்தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் காப்பகத்தில் பொதுவாகத் திறந்துள்ளன. நம் கல்லூரி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு மண்டலங்களை எண்ணி வகைப்படுத்தலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: முதன்மை இலக்கு மண்டலக் கொத்தாக இருப்பின், அதன் அண்டைப் பகுதி தற்செயலானதன்று, அத்தகைய படங்களை முதலிலேயே விலக்கிவிடுதல் வேண்டும்.