230-ஆல் வகுத்துப் பாருங்கள்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். பள்ளியில் படித்து, மதிப்பெண் வாங்கி, அதோடு மறந்துபோன பாடம். ஆனால் பிளக் மாட்டும் ஒவ்வொருவருக்கும் தினமும் வேண்டிய கணக்கு இது என்பேன்.

வாளித் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் ராடையே எடுத்துக்கொள்வோம். அதில் 1500 வாட் என்று போட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.5 ஆம்பியர். சுவரில் இருக்கும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதாவது 1380 வாட் வரைதான். ராடு ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ராடோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் செருகினால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பிளக் எதற்கு என்று இப்போது புரியும்.

230-ஐ 6.5-ஆல் வகுத்தால் அந்த ராடின் மின்தடை, சுமார் 35 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினாலும் ராடின் தடை பெரிதாக மாறாது. மின்னோட்டம்தான் சுமார் 5.1 ஆம்பியராகக் குறையும். 180-ஐ 5.1-ஆல் பெருக்கினால் சுமார் 920 வாட். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. லோ வோல்டேஜில் தண்ணீர் சுட ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கு இதுதான் விடை. மின்விசிறி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு நேராக வராது; சூடேற்றும் சாதனங்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் இணைக்கும் இந்த விதியை 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு கோப்லி பதக்கம் அளித்தது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் என்று ஜேம்ஸ் ஜூல் நிறுவியதும் அதே காலத்தில்தான்.

ஜூலின் அந்தக் கணக்கைத்தான் நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். அந்த ராடின் பிளக் லூசாக இருந்து, தொடும் இடத்தில் 1 ஓம் தடை கூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 6.3 ஆம்பியர். அதன் வர்க்கம் ஏறக்குறைய 40. ஆக, அந்தச் சின்னஞ்சிறு இடத்தில் 40 வாட் சூடு. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னுக்கே 25 வாட் போதும். மெயின் போர்டில் இருக்கும் தானியங்கி சுவிட்சான எம்.சி.பி. காப்பாற்றும் என்று நினைப்பது தவறு. அது கவனிப்பது கூடுதல் மின்னோட்டத்தை. லூஸ் கனெக்‌ஷனிலோ மின்னோட்டம் சற்றுக் குறையத்தான் செய்கிறது. எம்.சி.பி. விழாது, பிளாஸ்டிக் உருகும்.

ஆகவே புதிதாக எதை வாங்கினாலும் அதில் உள்ள வாட் எண்ணை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 6-ஐத் தாண்டினால் அதைப் பவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றும்போது பிளக் முனை சுட்டால், அந்தச் சாக்கெட்டை மறுபடி பயன்படுத்தாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.