விற்றார்களா, வாடகைக்கு விட்டார்களா?



மேலூர்ப் பகுதியிலிருந்து சகோதரி ஒருவர் கடிதம் எழுதியுள்ளார். அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய தம்பி, பிள்ளைகளுக்காகக் கானுயிர்கள் பற்றிய படத்தின் ப்ளூ-ரே வட்டு ஒன்றை வாங்கி வந்தாராம். வீட்டுக் கருவியில் அது ஓடவில்லை. அமெரிக்க வட்டுகள் 'ஏ' மண்டலத்தையும், இந்தியக் கருவிகள் 'சி' மண்டலத்தையும் சேர்ந்தவை. உறையினுள் இருந்த சீட்டில், இணையத்திலும் அப்படத்தைப் பெறலாம் என்று ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பதிந்தால், 'உங்கள் நாட்டில் செல்லாது' என்று விடை வருகிறது. "பணம் கொடுத்து வாங்கிய பொருள்தானே, திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டால் ஆகுமா?" என்பது அவருடைய வினா.

திரைப்படம் பார்ப்பதன் சட்டம் வேறு. அதற்குள் நான் இங்கே செல்லவில்லை. இது கொடுக்கல் வாங்கல் பற்றிய வினா.

ஃபிக்ஹு நூல்கள் விற்பனையையும் (பைஉ) வாடகையையும் (இஜாரா) தெளிவாகப் பிரிக்கின்றன. விற்ற பொருள் வாங்கியவரின் உடைமை. வாடகையிலோ, காலம் இன்னதென்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். மதுரைத் தெருக்களில் டெக்கும் கேசட்டும் ஓரிரவு வாடகைக்கு எடுத்த காலத்தில், மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டும் என்பது சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. இன்றைய இணையப் பிரதியில் அந்தத் தெளிவுகூட இல்லை. 'வாங்குக' என்று பொத்தானில் எழுதிவிட்டு, பார்க்கும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்பதை நீண்ட நிபந்தனைகளுக்குள் மறைத்து வைக்கின்றனர்.

விளைவு என்ன? வட்டுடன் வந்த குறியீடுகளைப் பதிந்து வைக்க 2011இல் தொடங்கப்பட்ட 'அல்ட்ரா வயலட்' சேவை, 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. கணக்கைக் கடைகளோடு இணைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் படங்கள் தங்கின. ஜப்பானியச் சித்திரப் படங்களை வழங்கிய 'ஃபனிமேஷன்' 2024 ஏப்ரல் 2இல் மூடப்பட்டபோது அந்த வழியும் இல்லை. வட்டு வாங்கிக் குறியீடு பதிந்தவர்களின் இணையப் பிரதிகள் புதிய தளத்திற்கு மாற்றப்படவேயில்லை. இத்தகைய முறையீடுகளுக்குப் பின்னரே கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்னும் அச்சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

இதைப் படித்தபோது தானியக் குவியல் பற்றிய ஹதீஸே என் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு குவியலுக்குள் கையை நுழைத்தார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கடிந்துகொண்டார்கள். ஈரத்துடன் விற்றது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, மறைத்ததே குற்றம்.

இனி, சகோதரியின் வினாவுக்கு வருவோம். வட்டு உங்கள் உடைமை. விற்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். எல்லா மண்டலத்து வட்டுகளையும் ஓட்டும் கருவியில் பார்ப்பதில் குற்றமில்லை என்பது என் கருத்து. குறியீடு இன்ன நாட்டில்தான் செல்லும் என்பது உறையின் வெளியே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால், உங்கள் தம்பி அந்நிபந்தனையை ஏற்றே வாங்கியிருக்கிறார். உள்சீட்டில் மட்டும் பொடி எழுத்தில் இருந்தால், அது மறைக்கப்பட்ட குறை. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை (கியாருல் ஐப்) ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்குகிறது. விற்றவரிடம் பணத்தைக் கேட்கலாம்.

ஆனால், திருட்டுத் தளத்துக்கு அது அனுமதிச் சீட்டாகாது. ஆலிம்களில் சிலர் இதில் இளக்கம் காட்டுவதுண்டு. எனினும், 1988இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, படைப்புரிமையை மீறக்கூடாத உரிமையாகவே ஏற்றது. உங்கள் வழக்கு விற்றவரோடு. திருட்டுத் தளத்தை நடத்துபவர் உங்களுக்கு எந்தக் கடனும் பட்டவரல்லர். அவரிடமிருந்து எதை வசூலிப்பீர்கள்?

தம்பி ஊர் திரும்பியதும் ரசீதுடன் அக்கடைக்கு எழுதட்டும். நம் நாட்டில் வாங்கி இவ்வாறு ஏமாந்தவர்கள், திரையில் வந்த மறுப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மதுரையிலும் அது உண்டு.