உக்கிராணச் சாவி

கல்யாண வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளையைப் பார்க்கிறோம், பெண்ணின் புடவையைப் பார்க்கிறோம். உக்கிராண அறை வாசலில் சாவிக் கொத்தும் கையுமாக உட்கார்ந்து, நெய் எத்தனை டின், இலை எத்தனை கட்டு என்று அளந்து கொடுக்கும் சித்தப்பாவை யாராவது போட்டோ எடுக்கிறார்களா? அவர் ஒரு வேளை கண் அயர்ந்தால் தெரியும் சேதி!

அடிமை முறை காரணமாக அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் 1861 முதல் 1865 வரை மோதிக்கொண்டன அல்லவா? அந்த யுத்தத்தில் வடக்குச் சேனையின் உக்கிராணச் சாவி மான்ட்கோமரி மெய்க்ஸ் என்பவர் கையில் இருந்தது. லிங்கனைத் தெரிந்த நமக்கு இவரைத் தெரியாது. குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் என்பது உத்தியோகம். சாப்பாட்டுக்கு வேறு இலாகா, சம்பளத்துக்கு வேறு இலாகா. மற்றதில் பெரும்பாலானவை இவர் தலையில்தான்: சட்டை, பூட்ஸ், கம்பளி, கூடாரம், குதிரை, கோவேறு கழுதை, அவற்றுக்குத் தீனி, வண்டி, கப்பல். கடைசியில், செத்தவர்களுக்குக் குழியும்.

மெய்க்ஸ் 1816-ல் தெற்கே ஜார்ஜியாவில் பிறந்தவர். படிப்பால் ராணுவ என்ஜினீயர். 1837-ல், இருபத்தோரு வயதில், மிஸிஸிப்பி நதியை அளக்கும் வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு மேலதிகாரி ராபர்ட் லீ. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாஷிங்டன் நகருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் கால்வாயைக் கட்டினார். பார்லிமெண்டு கட்டிடத்தின் விஸ்தரிப்பு வேலையும் அவரிடம் வந்தது. நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதுபோல இரும்புப் படிகளில்கூடத் தம் பெயரை வார்க்கச் சொன்னாராம் மனிதர்! பெயரில் ஆசை உண்டே தவிர, பணத்தில் இல்லை. யுத்த மந்திரி பிளாய்டு தமக்கு வேண்டியவர்களுக்கு கான்ட்ராக்ட் தரச் சொன்னார், மெய்க்ஸ் மறுத்தார். பலன், 1860-ல் பிளோரிடாவுக்கு அப்பால் நடுக்கடலில் ஒரு கோட்டைக்கு மாற்றல். சில மாதங்களில் பிளாய்டு பதவியை விட்டார்; மெய்க்ஸ் திரும்பி வந்தார். 1861 மே மாதம் சாவி அவர் கைக்கு வந்தது.

யுத்தத்தின் முதல் வருஷத்தில் சில கான்ட்ராக்டர்கள் கந்தலை அரைத்து நெய்த துணியில் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். ஒரு மழைக்கே பிரிந்து வந்துவிட்டது. அப்படிப்பட்ட சந்தையில் ஏறக்குறைய 150 கோடி டாலரைச் செலவழித்தார் மெய்க்ஸ். அவர் கையில் ஒரு காசு ஒட்டவில்லை. 1864 டிசம்பரில் ஷெர்மனுடைய படை அட்லாண்டாவிலிருந்து நடந்தே கடற்கரையை அடைந்தபோது, புதுத் துணியும் பூட்ஸும் ஏற்றிய கப்பல்கள் முன்னாடியே வந்து காத்திருந்தன.

இனி லீயிடம் வருவோம். யுத்தம் தொடங்கியதும் லீ தென்பக்கம் சேர்ந்தார். மெய்க்ஸுக்கு அது மன்னிக்க முடியாத துரோகம். தெற்கிலே பிறந்த தாம் போகவில்லையே!

வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் ஆர்லிங்டன் என்ற பங்களாவும் 1,100 ஏக்கர் பண்ணையும் இருந்தன. அது லீயின் சொத்தல்ல. அவர் மனைவி மேரிக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்தது. (அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதற்கு வரிப் பாக்கி 92 டாலர் 7 சென்ட். வாத நோயால் நடக்க முடியாத மேரி, உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்து அனுப்பினாள். சொந்தக்காரி நேரில் வரவேண்டும் என்று அதிகாரிகள் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். 1864 ஜனவரியில் வீடு ஏலம் போயிற்று. சர்க்காரே 26,800 டாலருக்கு எடுத்துக்கொண்டது.

அந்த வருஷம் ஜூனில், பிணம் புதைக்க இடமில்லாமல் வாஷிங்டன் திணறியபோது, மெய்க்ஸ் ஆர்லிங்டனைச் சுட்டிக் காட்டினார். முதலில் வீட்டுக்கு எட்டத்திலேதான் புதைத்தார்கள். அவருக்கு அது போதவில்லை. மேரியின் ரோஜாத் தோட்டத்தைச் சுற்றியே குழி வெட்டச் செய்தார். யுத்தம் முடிந்த பின் 1866-ல், அடையாளம் தெரியாத 2,111 பேரின் எலும்புகள் அந்தத் தோட்டத்தின் பக்கத்திலேயே ஒரே குழியில் இறங்கின. லீ குடும்பம் இனி அங்கே திரும்பி வந்து குடியிருக்க முடியுமா?

மகனை யுத்தத்தில் பறிகொடுத்த ஆத்திரத்தில் செய்தார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தேதியைப் பாருங்கள். மகன் ஜான் இறந்தது அக்டோபரில். முதல் குழிகள் அதற்கு முன்பே வெட்டியாகிவிட்டன. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அவன்; ராணுவக் கல்லூரியில் முதலாவதாகத் தேறியவன். கொலை செய்துவிட்டார்கள் என்றே தகப்பனார் கடைசி வரை நம்பினார்.

1873-ல் மேரி ஒரு தடவை ஆர்லிங்டனைப் பார்க்க வந்தாள். வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த வருஷமே காலமானாள். அவளுடைய மகன் வழக்காடி 1882-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். கல்லறைகளுக்கு நடுவில் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, அடுத்த வருஷம் 1,50,000 டாலருக்கு சர்க்காருக்கே விற்றுவிட்டார்.

மெய்க்ஸ் 1892-ல் இறந்தார். ஆர்லிங்டனிலேயே அடக்கம். பக்கத்தில் மனைவி. அருகே ஜானுக்கு ஒரு சின்ன வெண்கலச் சிலை: குதிரைக் குளம்புகள் மிதித்த சேற்றில், மல்லாந்து கிடக்கிறான் பையன்.