திறை கட்டியவர் எவர்?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பொங்கல் கொண்டாடும்போதெல்லாம், மேடையில் ஒரு முழக்கம் தவறாது எழுகின்றது. கடாரம் சோழனுக்குத் திறை அளந்தது. கடல் கடந்த மன்னர் தமிழன் காலடியில் பொன் குவித்தனர். ஆதலின் நாம் உயர்ந்தோர். கைதட்டல் பந்தலை அதிர்விக்கின்றது. நாமும் கைதட்டியிருக்கின்றோம், மறைப்பானேன்? சென்ற விழாவில் அருகே அமர்ந்திருந்த பாலராமபுரத்துத் தறிக்காரப் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அந்தத் தெறையக் கெட்டுனது ஆரு சாரே, ராசாவா, குடியானவனா?"

அவ்வினா எம்மை உறங்கவிடவில்லை. கோப்புகளோடு காலங் கழிப்பவர் நாம். ஓரேட்டில் வரவு என்று எழுதப்படுமாயின், பிறிதோர் ஏட்டில் அது செலவாகவே இருந்தாக வேண்டும் என்பதை அறிவோம். நம் சொற்பொழிவாளர்கள் வரவேட்டை மட்டுமே படிக்கின்றனர்.

அதையேனும் முழுதும் படிக்கின்றனரா? முதற் குலோத்துங்கன் காலத்தில், 1077இல், எழுபத்திரண்டு பேர் கொண்ட சோழத் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசரைக் காணச் சென்றது. சோழர்க்கு அது வாணிகத் தூது. சீனத்து அரசவைக் குறிப்புகளோ, திறை கொணர்ந்தோர் வரிசையில் அதனைச் சேர்த்துவிட்டன! கடாரத்தைப் பணிய வைத்தவன் மரபே அங்கே பணிந்தவனாக எழுதப்பட்டுக் கிடக்கின்றது. இப்பெருமையை நம்பி நெஞ்சு நிமிர்த்துவது எங்ஙனம்?

நாம் குடியிருக்கும் மண்ணுக்கு வருவோம். வேணாடு விசயநகரத்துக்குத் திறை கட்டியது. மதுரை நாயக்கர்க்குக் கட்டியது. திருவிதாங்கூரென வளர்ந்த பின்னரும் ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டியது. 1750இல் மார்த்தாண்டவர்மர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தாம் அவர்தம் அடியவர் என்றார். இறைவனுக்கு அடியவரான அரசு, 1795இல் கும்பினிக்குக் கடன்பட்ட அரசாயிற்று. 1805ஆம் ஆண்டு ஒப்பந்தம் அத்தொகையை ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. கும்பினியார் அதனைக் கப்பம் என்று கூறவில்லை, சப்சிடி என்றனர். இன்று அச்சொல் அரசு நமக்குத் தரும் மானியத்தைக் குறிக்கின்றது. அன்றோ, நம்மைக் காப்பதாகச் சொல்லி வந்த படைக்கு நாமே அழுத கூலி!

அவ்வொப்பந்தத்துக்கு உடன்பட்ட தளவாய் வேலுத்தம்பி, கல்குளத்தை அடுத்த தலக்குளத்தில் பிறந்தவர். நிலுவையைக் கேட்டு ரெசிடெண்டு மெக்காலே நெருக்க, 1808இல் அவரே வாளெடுத்தார்; 1809இல் குண்டறையில் மக்களை அறைகூவி அழைத்தார்; அதே ஆண்டு மண்ணடியில் உயிர் துறந்தார். அவர்க்குச் சிலைகள் உண்டு, வேண்டுவதே. ஆனால் கிளர்ச்சி அடங்கியதும் போர்ச் செலவும் திருவிதாங்கூரின் தலையிலேயே விழுந்தது. அதனைச் சுமந்தவர்க்குச் சிலை எங்கே?

கருவூலம் நிரம்பிய வழியை நோக்குங்கள். பனையேறியின் தலைக்கு வரி. அவன் ஏறும் ஏணிக்கு வரி. மீனவன் வலைக்கு வரி. வரி கட்டியும் தீராமல் கூலியில்லா ஊழியம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவை ஒவ்வொன்றாக ஒழியும்வரை, அரசன் பிறனுக்குத் தலைவணங்கிய போதெல்லாம் முதுகு வளைந்தது குடியானவனுக்கே.

வேலுத்தம்பிக்குப் பின் தளவாயானவர் உம்மிணித்தம்பி. தமிழகத்திலிருந்து சாலியக் குடும்பங்களை அழைத்து வந்து பாலராமபுரத்தில் குடியேற்றியவர் இவரே. கும்பினி நிலுவை கழுத்தை இறுக்கிய நாட்கள் அவை. தொழில் பெருகினால் வருவாய் பெருகும் என அவர் எண்ணியிருத்தல் இயல்பே. நிலுவையோ தீரவில்லை, 1811இல் பதவி போயிற்று, ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவே திவானாகவும் அமர்ந்தார். அன்று வந்த குடும்பங்களின் தறிகள் மட்டும் நின்றுவிடவில்லை. எம்மிடம் வினவிய பெரியவர் அவ்வழி வந்தவர். சோழன் பெற்ற திறையில் அவர்க்குப் பங்கில்லை. திருவிதாங்கூர் கட்டிய கப்பத்திலோ அவர் முன்னோரின் ஊடும் பாவும் இருந்திருக்கக்கூடும்.

"இப்படிப் பேசினால் பிள்ளைகள் தமிழ்ப் பற்றை இழப்பர்" என்கின்றனர் சில நண்பர்கள். நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிப்பவர்கள். அங்கே மார்த்தாண்டவர்மர் பெருமை. வீட்டில் இராசராசன் பெருமை. இரு அரசருக்கு நடுவே தம் பாட்டன் எங்கே நின்றான் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 1956இல் விளவங்கோடு அப்பாலும் நெய்யாற்றின்கரை இப்பாலும் பிரிந்தன. களியக்காவிளையில் எல்லை வந்தது. பனையேறிக்கு இருபுறமும் ஒரே வரலாறுதான். அதனைச் சொன்னால் பற்றுக் குறையும் என்போர், எதன்மீது பற்று வைத்திருக்கின்றனர்?

அடுத்த பொங்கல் பட்டிமன்றத்துக்கு "திறை கட்டியவர் அரசரா, குடிகளா" என்னும் தலைப்பைச் செயற்குழுவின் முன் வைத்துள்ளோம். நடுவர் கிடைப்பது அரிது என்று விடை வந்திருக்கின்றது. அந்தத் தறிக்காரப் பெரியவரையே நடுவராக அழைக்கலாம் என மறுமொழி எழுதியிருக்கின்றோம்.