மறைந்துவிடும் அறிவிப்புகள்

மருந்து உண்ணும் வேளையும் மருத்துவரைக் காணும் நாளும் பரிசோதனை முடிவும் இன்று கைபேசிச் செயலிகள் வழியே நம்மை வந்தடைகின்றன. அவ்வறிவிப்புகளுள் பல துள்ளி வருகின்றன, மின்னுகின்றன, சில நொடிகளில் மறைந்துவிடுகின்றன. நலமாக இருப்போர்க்கு அது அழகு. நோயுற்றோர்க்கோ அதுவே தடையாகலாம்.

உட்செவிக் கோளாறால் தலைசுற்றல் உள்ளவர்க்குத் திரையில் பாய்ந்து நகரும் படமே குமட்டலை உண்டாக்கக்கூடும். ஒளியால் வலிப்பு தூண்டப்படும் இயல்புடையோர்க்கு விரைந்து மின்னும் ஒளி ஆபத்தானது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதால், நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பார்வையற்றோர் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கின்றனர். படத்துடன் எழுத்து இணைக்கப்படாவிடில் அவர்களுக்குச் செய்தியே இல்லை. முதியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடி அணிவதற்குள் மருந்து வேளை திரையிலிருந்து மறைந்துவிடுகிறது.

அசைவே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காது கேளாதோரின் கவனத்தை ஈர்க்க அசைவு உதவுகிறது. எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே தீர்மானிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கான நெறிகள் ஏற்கெனவே உள்ளன. இணைய உள்ளடக்கத்துக்கான உலகளாவிய அணுகல் நெறிமுறைகள், ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னலாகாது என்கின்றன. தானாகத் தொடங்கி, பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. எண்ணிமச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே இது செயலி செய்வோர் காட்டும் சலுகையன்று, நோயாளியின் உரிமை.

பராமரிப்பாளர்கள் இன்றே ஒன்று செய்யலாம். கைபேசியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்னும் பகுதியைத் திறந்து, அசைவைக் குறைக்கும் வசதியை நோயாளிக்கு ஏற்ப அமைத்துக் கொடுக்கலாம். அவ்வமைப்பை மதிக்காத செயலி எதுவாயினும் அதனை உருவாக்கியோருக்குத் தயங்காமல் எழுதுங்கள். மருத்துவமனைகள் அனுப்பும் செய்திகளும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவையே. நோயாளி படித்து முடித்து, தானே அகற்றும் வரை செய்தி திரையில் நிற்க வேண்டும்.