சாணிப்பாலும் பஞ்சகவ்யமும்

இயற்கை விவசாயம் பேசுறவங்க மேடைக்கு மேடை ஒன்று சொல்கிறார்கள்: நம் பாட்டன் பூட்டன் செய்த விவசாயத்துக்குத் திரும்ப வேண்டும். யாருடைய பாட்டன்? இதைக் கேட்காமல் நாம் அந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்க முடியாது. அவங்க பாட்டன் வரப்பில் குடை பிடித்து நின்றான். நம் பாட்டன் சேற்றில் நின்றான். ரசாயன உரம் வராத அந்தக் காலத்துத் தஞ்சாவூரில் மண் சுத்தமாகத்தான் இருந்தது. அதே மண்ணில், ஆண்டைக்குப் பிடிக்காத பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். அந்தத் தண்டனைக்குச் சாணிப்பால் என்று பெயர். 1940களில் செங்கொடிச் சங்கம் சேரிக்குள் வந்து, சனங்கள் திரண்டு எதிர்த்து நின்ற பிறகுதான் அது ஒழியத் தொடங்கியது. இன்றைக்குச் சாணிக்கும் கோமியத்துக்கும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்று சமஸ்கிருதப் பெயர் சூட்டி அமுதம் என்கிறார்கள். பயிருக்கு நல்லதாகவே இருக்கலாம். எங்கள் தொண்டைக்கு அதன் பழைய பெயர்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் நம் தோழர்கள் சிலர், "அப்ப இது பார்ப்பனியச் சரக்கு, நமக்கு எதுக்கு" என்று கை கழுவிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை.

பசுமைப் புரட்சி மட்டும் நமக்கு என்ன கொடுத்தது? 1960களில் தீவிர வேளாண்மைத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. பின்னாலேயே ஆடுதுறை 27 வந்தது, உரமூட்டை வந்தது, வங்கிக் கடன் வந்தது. எல்லாம் நிலம் வைத்திருந்தவன் வீட்டுக்கு வந்தன. விளைச்சல் ஏறியபோது கூலி சனம் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டது. சங்கக் கொடியையும் இறக்க மறுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். புதிய விதையோடு பழைய சாதியும் சேர்ந்தேதான் விளைந்தது.

அப்புறம் விஷம். மருந்து அடிக்கிறவன் யார் என்று எந்த ஊரில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடப்பவன் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரன். 2017இல் மகாராட்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். சிறு விவசாயிகளும் செத்தார்கள், கூலிக்கு அடிக்கப் போனவர்களும் செத்தார்கள். களைக்கொல்லி வந்ததில் நம் பெண்களுக்கிருந்த களையெடுப்பு வேலையும் போச்சு. ஆக, விஷமில்லாத விவசாயம் எவனுக்கு முதலில் தேவை? நகரத்தில் ஆர்கானிக் அரிசி வாங்குகிறவனைவிட நமக்குத்தான்.

ஆனால் அதை யார் தோளில் ஏற்றுகிறார்கள் என்பதையும் பார்க்கணும். இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். பத்தாண்டில் மாற்றுவோம் என்று 2019 தேர்தலில் சொன்னதை ஒரே நாளில் செய்யப் பார்த்தார்கள். நவம்பரிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாக இறங்கியது. மலையகத் தமிழ்ப் பெண்களுக்குக் கொழுந்து நிறுத்துத்தான் கூலி. செடியில் கொழுந்து குறைந்தால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைநாள் பேர்தான். மண்ணைக் காப்பாற்றுவது பற்றி அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

கம்போஸ்ட் கதையும் இப்படித்தான். ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து உருவாக்கிய மட்கு உரமுறையை உலகமே கொண்டாடுகிறது. அடுத்து வந்தது பெங்களூர் முறை. ஊர்க் குப்பையோடு மலத்தையும் குழியில் அடுக்கி உரமாக்குவது. உரம் அருமையான உரம். அந்த மலத்தை ஊரெல்லாம் அள்ளித் தலையில் சுமந்து வந்தவர்கள் யார் என்று இயற்கை விவசாயப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள்.

நிலத்தைக் கைப்பற்றிய பிறகு இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பிரேசிலில் 1984இல் அமைந்த நிலமற்ற உழைப்பாளர் இயக்கம் முதலில் பண்ணையார்களின் தரிசு நிலத்தில் புகுந்து கூடாரம் அடித்தது. 1996 ஏப்ரல் 17 அன்று எல்டோராடோ டோஸ் கராஜாசில் போலீஸ் 19 பேரைச் சுட்டுக் கொன்றது. அப்படிச் செத்து வாங்கிய நிலத்தில்தான், தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில், இன்று லத்தீன் அமெரிக்காவிலேயே பெரிய அளவில் ரசாயனமில்லாத நெல் விளைவிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் போனால் போதும். 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள், கூலிக்காரப் பெண்கள். நிலச்சீர்திருத்தத்தில் அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைத்தது கல்லும் சரளையுமான தரிசு. நல்ல நிலத்தை யார் கொடுப்பான்? கல் பொறுக்கி, வரப்புப் போட்டு, எரு அடித்து, ஒரே ஏக்கரில் சோளம், தினை, துவரை, அவரை என்று பத்துப் பதினைந்து பயிரைக் கலந்து விதைத்தார்கள். சேர்ந்து குத்தகைக்குப் பிடித்தும் பயிர் வைத்தார்கள். 1990களின் நடுவில், தரிசைத் திருத்தக் கடன் கொடுத்து, அந்தக் கடனைப் பணமாக வாங்காமல் சோளமாகத் திரும்ப வாங்கிச் சேமித்தார்கள். ஊரில் யார் அதிகம் பசித்தவர்கள் என்பதைச் சங்கமே முடிவு செய்து, பஞ்ச மாதங்களில் அவர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. ரேசன் கடை அரிசி மட்டும்தான் போடும். இவர்கள் தங்களுக்கென்று ஒரு சோளக் கடையே வைத்துக்கொண்டார்கள். விதையை அங்கே விற்பதில்லை. விதைக் கடனுக்கு வட்டியும் விதைதான். விதைக்காக ஆண்டை வீட்டு வாசலில் நின்றவர்கள் வீட்டுக் குதிரில் இன்று ஊருக்கே விதை இருக்கிறது. 2008இல் சொந்தமாக வானொலியும் தொடங்கினார்கள், நடத்துகிறவர்கள் தலித் பெண்கள்.

"இதெல்லாம் தொண்டு நிறுவன வேலைதானே" என்று கேட்பீர்கள். ஆமாம், தொண்டு நிறுவனந்தான். அந்த அரசியலின் எல்லை நமக்குத் தெரிந்ததே. ஆனாலும் அங்கே நிலம், விதை, தானியம் மூன்றும் யார் கையில் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதிய அண்ணல் அம்பேத்கர், விளைநிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பாராமல் கூட்டுப் பண்ணையாக ஊராருக்குக் கொடுக்கச் சொன்னார். தனித்தனி துண்டு நிலத்தால் நம் சனம் தலையெடுக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இயற்கை விவசாயக் கூட்டங்களில் ஜப்பான்காரர் பெயரெல்லாம் அடிபடுகிறது, இந்தப் பெயர் அடிபடுவதில்லை.

நம் நிலைமை என்ன? 2011 கணக்கெடுப்பில் உழைக்கும் தலித்துகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் விவசாயக் கூலிகள். சாகுபடி நிலத்தில் நம் கையில் இருப்பது நாடு முழுக்கச் சேர்த்துச் சுமார் 9 சதம். தமிழக அரசு 2023இல் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. திட்டம் என்று எது வந்தாலும் பட்டா எங்கே, சிட்டா எங்கே என்பார்கள். மாடு கட்ட இடமில்லாதவனும் மேய்ச்சல் புறம்போக்கை ஆக்கிரமிப்புக்குப் பறிகொடுத்தவனும் ஜீவாமிர்தத்துக்கு எந்த மாட்டைத் தேடுவான்?

1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பாரம்பரிய விதைத் திருவிழா நடத்துகிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்லணும்: உங்கள் மேடையில் பஞ்சமி நில மீட்பைத் தீர்மானமாகப் போடுங்கள். உங்கள் வயலில் கை களை எடுக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்பதை அரிசிப் பையின் மேல் விலைக்குப் பக்கத்தில் அச்சடியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நாங்களும் வருகிறோம்.